கல்விக்கு நடந்த கால்கள் – 17: ரயில் பாதைக்குக் கிழக்கே

தேனிக்கு ரயில் வந்தது 1928-ல். மதுரையில் தொடங்கி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகப் போடிநாயக்கனூர் வரை தண்டவாளம் போட்டார்கள். மலைச் சரக்கைக் கீழ்நாட்டுக்கு இறக்குவதுதான் அந்தப் பாதையின் முதல் வேலை. ஆனால் ஏலக்காய் மூட்டை போன அதே வண்டியில் அல்லிநகரத்துப் பையன் ஒருவனும் ஏறி உட்கார முடிந்தது. மதுரையில் இறங்கி வண்டி மாறினால் திருச்சி, தஞ்சாவூர், மாயவரம் என்று போய்ச் சிதம்பரத்தில் இறங்கலாம். அந்தச் சிதம்பரத்தைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். அதே 1928-ல்தான், தனி மனிதர் ஒருவரின் பணத்தில் அங்கே ஒரு பல்கலைக்கழகம் அமைப்பதற்கான சட்டம் சென்னையில் உருவாகிக்கொண்டிருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் கல்வி வரலாற்றை எழுத வந்தவன் எதற்காகத் தென்னார்க்காட்டுக்குப் போகிறான் என்று வாசகர்கள் கேட்கலாம். பதில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. என் அத்தை அல்லிநகரத்தில் செகண்டரி கிரேடு டீச்சராக இருந்தவர். 1980-களில் அவருக்கு மாதந்தோறும் தபாலில் ஒரு கட்டு வரும். பழுப்பு உறை, உள்ளே மெல்லிய தாளில் அச்சிட்ட வரலாற்றுப் பாடங்கள், மேலே ‘அண்ணாமலைநகர்’ என்ற முத்திரை. சோறு வடித்துவிட்டு, பரீட்சைத் தாள் திருத்திவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் அதைப் பிரித்துப் படிப்பார். கோடை விடுமுறையில் தொடர்பு வகுப்புக்கு மதுரைக்குப் பஸ் ஏறுவார். அப்படித்தான் பி.ஏ. முடித்தார். ஊக்க ஊதிய உயர்வும் வந்தது. ‘கரஸ்ல படிச்சது’ என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். அத்தை சிதம்பரத்தைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் கடைசிவரை அதுதான் அவருடைய காலேஜ்.

அந்த உறை புறப்பட்ட இடத்தின் கதையைச் சொல்லாமல் நம் ஊர்க் கதையை முடிக்க முடியாது.

சர் அண்ணாமலைச் செட்டியார் 1881-ல் கானாடுகாத்தானில் பிறந்தவர். நகரத்தார் கொண்டுவிற்ற காலம் அது. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பர்மா. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் நெல் விளைவிக்க இறங்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவை பெரும்பாலும் செட்டிநாட்டுப் பெட்டியடிகள் எனும் வட்டிக்கடைகள். சிதம்பரத்தின் கட்டடங்களுக்கான பணம் இந்த உலக வணிகத்தில் திரண்டது. இதை மறைக்கவும் வேண்டாம், மெழுகவும் வேண்டாம். 1930-க்குப் பின் நெல் விலை விழுந்தபோது கடன் கட்ட முடியாத பர்மியர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு மாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்கு அவர்கள் கையில் இருந்த நிலம் 1937-ல் கால் பங்கானது. அங்கே பகை மூண்டது, கலவரமும் வந்தது. நாம் கொண்டாடும் கல்விக்கொடைகள் பலவற்றின் அடியில் வேறொரு நாட்டு உழவனின் வியர்வை இருக்கிறது. வரலாறு எழுதுகிறவன் அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அந்தக் காலத்துப் பணக்காரர்கள் பெரும்பாலும் கோயில் திருப்பணியோடும் சத்திரத்தோடும் நிறுத்திக்கொண்டார்கள். அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலைக்கல்லூரி அது. அதோடு விடவில்லை. தமிழுக்கு ஒரு கல்லூரி, சமஸ்கிருதத்துக்கு ஒரு கல்லூரி, பிறகு இசைக்கு ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் எழுப்பினார். மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924-ல் முதல்வராக வந்தவர் யார் தெரியுமா? உ.வே. சாமிநாதையர். எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், சென்னையில் ஏட்டுச்சுவடிகளை விட்டுவிட்டு வந்து 1927 வரை அங்கே பொறுப்பில் இருந்தார். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கினால்தான் வேலை என்றிருந்த நாளில் தமிழ் படிக்க ஒரு கல்லூரி திறந்து, அதற்கு உ.வே.சா.வைத் தலைவராக்க நினைத்தாரே, அந்த ஒரு முடிவுக்காகவே அண்ணாமலைச் செட்டியாரை நான் மதிக்கிறேன்.

அடுத்த படி பல்கலைக்கழகம். சென்னை மாகாணத்தில் தெலுங்குப் பகுதிக்கு 1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது. தமிழ்ப் பகுதிக்கும் தனியாக ஒன்று வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. சுப்பராயன் தலைமையிலான அமைச்சரவைக் காலம். அண்ணாமலைச் செட்டியார் தம் கல்லூரிகளையும் 20 லட்சம் ரூபாயையும் கொடுக்க முன்வந்தார். அரசும் தன் பங்குக்கு நிதி ஒதுக்கியது. ஒரு பவுன் தங்கம் 15 ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது. 20 லட்சம் என்பது ஒரு லட்சம் பவுனுக்கும் மேல். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதே ஆண்டு நிறுவனருக்கு ‘ராஜா’ பட்டமும் வந்தது.

காசியில் மாளவியா 1916-ல் நிறுவிய இந்துப் பல்கலைக்கழகம் ஊர் ஊராகப் பிச்சை எடுத்துக் கட்டியது. தாகூரின் விசுவபாரதி 1921-ல் ஒரு கவிஞரின் கனவாக எழுந்தது. சிதம்பரத்திலோ ஒரே குடும்பத்தின் கொடை. இந்த வேறுபாடு பின்னால் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

சென்னைப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பு. நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் கல்லூரியும் அதோடு இணைந்திருக்கும். அண்ணாமலை அப்படி இல்லை. எந்தக் கல்லூரியையும் இணைத்துக்கொள்ள அன்று அதற்கு அதிகாரம் இருக்கவில்லை. ஆசிரியர், மாணவர், விடுதி, நூலகம் எல்லாம் ஒரே வளாகம். சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே கோயிலும் ஊரும், பாதைக்குக் கிழக்கே வயல்வெளியில் புது ஊர். அதற்கு அண்ணாமலைநகர் என்று பேர் வைத்தார்கள். காலை வகுப்பில் பாடம் நடத்திய பேராசிரியரை மாலையில் தெருவில் பார்த்துச் சந்தேகம் கேட்கலாம். இது சாதாரணச் சலுகை இல்லை. மதுரையில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்து எழுந்து கல்லூரிக்குப் போன நம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளின் கதையைச் சென்ற இதழில் படித்தவர்களுக்கு அது புரியும்.

முதல் துணைவேந்தர் எஸ்.இ. ரங்கநாதன். பின்னாளில் லண்டனில் இந்தியாவின் ஹைகமிஷனராக இருந்தவர். அவரை அடுத்து 1935-ல் வந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக இருந்து, அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களின் உரிமைக்காக வாதாடிவிட்டு வந்தவர். வயல் நடுவே இருந்த ஒரு சிறு பல்கலைக்கழகத்துக்கு உலகம் சுற்றியவர்கள் தலைமை தாங்கினார்கள்.

ஆனால் என் மனம் அதிகம் நிற்பது தமிழ்த்துறையில்.

1931-ல் முதல் தமிழ்ப் பேராசிரியராக விபுலானந்த அடிகள் வந்தார். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் 1892-ல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டமும் நம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றவர். ராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டவர். காவி உடுத்த ஒரு ஈழத்துத் துறவி, பௌதிகம் தெரிந்த தமிழ்ப் புலவர், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இப்படி ஒரு நியமனத்தை இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடிகிறதா? அங்கே அவர் இருந்தது இரண்டே ஆண்டுகள். பழந்தமிழரின் யாழ் எப்படி இருந்திருக்கும், அதன் சுருதிகள் எப்படி அமைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத் தேடிய அவருடைய பெரும் உழைப்பு ‘யாழ் நூல்’ ஆகி 1947-ல் வெளிவந்தது. அடுத்த சில வாரங்களில் அவர் மறைந்தார். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942-ல் தோன்றியபின் அங்கும் முதல் தமிழ்ப் பேராசிரியர் இவரே. கடலின் இரு கரையிலும் முதல் நாற்காலியில் அமர்ந்தவர் ஒரே ஆள்.

அவருக்குப்பின் சோமசுந்தர பாரதியார். ரா.பி. சேதுப்பிள்ளை அங்கே பாடம் சொல்லிவிட்டுத்தான் சென்னைக்குப் போனார். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் இருந்தார். இளமையில் வாதம் தாக்கி நடக்க முடியாமல் போய், வீட்டிலிருந்தே கற்று அந்த இடத்தை அடைந்தவர் அவர்.

மாணவர் பக்கமும் ஒருவரைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துச் சேவியர் தனிநாயகம், கத்தோலிக்கக் குரு. ரோமாபுரியில் இறையியல் படித்தவர். ஐரோப்பிய மொழிகள் பலவும் தெரியும். தமிழ் இலக்கியம் மட்டும் தெரியாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளியில் வேலை பார்க்கும்போதுதான் தமிழை ஊன்றிக் கற்கத் தொடங்கினார். முப்பது வயதைத் தாண்டி 1945-ல் அண்ணாமலைநகருக்கு மாணவராக வந்து சேர்ந்தார். சங்கப் பாடல்களில் இயற்கை எவ்வாறு பாடப்பட்டிருக்கிறது என்று ஆராய்ந்து எம்.லிட். வாங்கினார். பிறகு நடந்ததுதான் பெரிய கதை. ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழை 1952-ல் தொடங்கினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1964-ல் டெல்லியில் கூடிய கீழைத்தேய அறிஞர்களை வைத்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அந்த மாநாட்டுக்குப் போன பாதையின் ஒரு முனை சிதம்பரத்து விடுதி அறையில் இருக்கிறது.

அன்றைக்கு யாரும் வாசலில் ‘பன்னாட்டுப் பல்கலைக்கழகம்’ என்று பலகை எழுதி வைக்கவில்லை. பணம் ரங்கூனிலிருந்து வந்தது, பேராசிரியர் மட்டக்களப்பிலிருந்து வந்தார், மாணவர் யாழ்ப்பாணத்திலிருந்து ரோம் வழியாக வந்தார். வேறென்ன வேண்டும்?

இசையையும் விட்டுவிடக் கூடாது. தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டுக்குத் துக்கடா இடம்தான் என்றிருந்த நிலையை எதிர்த்து ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1940-களின் தொடக்கத்தில் தமிழிசை இயக்கத்தை முன்னின்று நடத்தினார். 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் அண்ணாமலையின் இசைக்கல்லூரியில் பொறுப்பேற்றுப் பல தலைமுறைப் பாடகர்களை உருவாக்கினார்கள். நிறுவனர் 1948-ல் காலமானார்.

வளாகம் அமைதியான இடமாக மட்டும் இருந்துவிடவில்லை. திராவிட இயக்கத்தின் இளம் பேச்சாளர்கள் பலர் அங்கே மாணவராக இருந்தவர்கள். க. அன்பழகனும் இரா. நெடுஞ்செழியனும் அங்கேதான் தமிழ் எம்.ஏ. படித்தார்கள். நெடுஞ்செழியனைத் தேனித் தொகுதிக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1991-ல் நாம் சட்டமன்றத்துக்கு அனுப்பியவர் அவர். 1965 ஜனவரி 27-ம் தேதி, இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அவருடைய சிலை அங்கே நிற்கிறது. சிதம்பரம் போகிறவர்கள் நடராஜரைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், பாதையைத் தாண்டிப் போய் அந்தப் பையனையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

வளர்ச்சி பல திசையில் நடந்தது. 1940-களில் பொறியியல், பிறகு வேளாண்மை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வு, நாடு முழுவதும் பேர் பெற்ற மையமானது. பிச்சாவரம் சதுப்பு நிலக் காடுகளைப் பற்றிய நம் அறிவில் பெரும்பங்கு அந்த மையத்திலிருந்து வந்தது. தமிழ்த்துறையில் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் மொழியியலை ஒரு தனித் துறையாக வளர்த்தார். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் துணைவேந்தராக அவரையே அழைத்தார்கள். உத்தமபாளையம், போடி, பெரியகுளம், தேனி என்று நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் அதன்பின் பட்டம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த மதுரைப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள். சிதம்பரத்திலிருந்து ஒரு கிளை இப்படியும் நம் பக்கம் நீண்டது.

1979-ல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. என் அத்தையின் பழுப்பு உறை அங்கிருந்துதான் வந்தது. ஒரே வளாகத்துக்குள் இருந்து பாடம் நடத்துவதற்கென்று பிறந்த பல்கலைக்கழகம், வகுப்பறைக்கே வராத பல லட்சம் பேருக்குப் பாடம் நடத்தத் தொடங்கியது. அதனால் பலன் பெற்றவர்களில் நானும் ஒரு வகையில் சேர்த்தி. அந்த ஊக்க ஊதியத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் படித்தோம். ஆனால் பணம் வந்த வழியும் மாறிப்போனது. அஞ்சல்வழிக் கட்டணமும் 1980-களில் தொடங்கிய பல் மருத்துவ, மருத்துவக் கல்லூரிகளின் கட்டணமும் பெரும் வருவாய் ஆயின. வருவாயை நம்பி ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். தேவைக்கு மேல் பல்லாயிரம் ஊழியர்கள். வரவு சுருங்கியதும் கட்டடம் ஆடத் தொடங்கியது.

2012 நவம்பரில் நிர்வாகம் சம்பளக் குறைப்பு பற்றி அறிவித்தது. ஆசிரியரும் ஊழியரும் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013 ஏப்ரலில் அரசு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாக நியமித்தது. சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்ற, அந்த ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழகம் முழுமையாக அரசு வசம் வந்தது. 1929 முதல் நிறுவனர் குடும்பத்திடம் வழிவழியாக இருந்துவந்த இணைவேந்தர் பதவி, துணைவேந்தர் நியமனத்துக்குப் பெயர்ப்பட்டியல் தரும் உரிமை, எல்லாம் முடிந்தன. உபரி ஆசிரியர்களையும் ஊழியர்களையும் தமிழ்நாடு முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றி அனுப்பினார்கள்.

இங்கே அமெரிக்காவின் கதை ஒன்றை நினைவூட்ட வேண்டும். கலிபோர்னியாவில் லேலண்ட் ஸ்டான்போர்ட் என்ற ரயில்வே முதலாளி, இறந்துபோன தம் 15 வயது மகனின் நினைவாக 1885-ல் பல்கலைக்கழகம் நிறுவினார். 1893-ல் அவர் இறந்ததும் மனைவி ஜேன் கையில் எல்லா அதிகாரமும் சேர்ந்தது. அவருக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்ன ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 1900-ல் வெளியேற்றப்பட்டார். பெரும் எதிர்ப்புக் கிளம்பியது, வேறு சில ஆசிரியர்களும் விலகினார்கள். 1903-ல் ஜேன் தம் அதிகாரத்தை அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தார். நிறுவி 18 ஆண்டுகளில் குடும்பம் விலகி நின்றது. சிதம்பரத்தில் அது நடக்க 84 ஆண்டுகள் ஆயின. அதுவும் தானாக நடக்கவில்லை.

கொடுத்த குடும்பத்தை நான் பழிக்கவில்லை. 1929-ல் அவர்கள் கொடுத்திராவிட்டால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அந்த வயலில் நெல்தான் விளைந்திருக்கும். ஆனால் நிறுவனரின் மரணத்தோடு, 1948-லேயே, கொடையும் அதிகாரமும் பிரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். விபுலானந்தரையும் தெ.பொ.மீ.யையும் தேடிப் பிடித்த கண், பிற்காலத்தில் ஆள் சேர்ப்பதில் இல்லாமல் போனது. யார் எப்படிச் சேர்க்கப்பட்டார்கள் என்று கேட்கிற இடத்தில் வெளியாள் யாரும் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

அரசு எடுத்துக்கொண்டதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் உள்ள கட்டணமே தங்களுக்கும் வேண்டும் என்று அங்கே மருத்துவ மாணவர்கள் 2020 டிசம்பரில் போராடத் தொடங்கினார்கள். 50 நாளுக்கு மேல் போராடிய பிறகுதான் அந்தக் கோரிக்கை நிறைவேறியது. மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறிக் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. தேனி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் கட்டுவதைத்தான் அவர்களும் கேட்டார்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்று சட்டம் போட்டபின் ஏழு ஆண்டுகள் அதைக் கேட்க வைத்தது தவறு.

நம் ரயில் பாதைக்கு வருகிறேன். இரண்டாம் உலகப்போரில் இரும்புத் தேவைக்காக அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். பிறகு அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி வண்டி வந்தது 2022 மே மாதம். அந்த இடைவெளிகளில் எல்லாம் அல்லிநகரத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் போய்ப் படித்தார்கள். போக முடியாதவர்களுக்குத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பம், கூடலூர், சின்னமனூர், போடி, அல்லிநகரம் பக்கத்தில் அண்ணாமலைநகரின் பழைய பாடக் கட்டு, விடுதி ரசீது, பட்டமளிப்பு விழாப் படம், 1979-க்கு முன் நேரில் போய்ப் படித்த தாத்தாவின் சான்றிதழ் ஏதாவது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதற்குரியவர் இன்னும் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் போனார், எங்கே தங்கினார், யார் பணம் கட்டினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த இதழில் 1956-க்குப் போகிறோம், உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் கல்லூரி திறந்த ஆண்டுக்கு.